காரங்காட்டு அலையாத்திக் காடு: வத்தம் பார்த்துப் படகேறுங்கள்

இராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம், உப்பூர் தாண்டித் தொண்டிக்குப் போகிற வழியில், கடல் பக்கமாகப் பிரியும் கிளைச்சாலை காரங்காட்டில் போய் முடிகிறது. பாக் விரிகுடாக் கரையில் உள்ள மீனவ ஊர் அது. ஊரை ஒட்டிய உப்பங்கழியில் அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அங்கே சூழல் சுற்றுலா நடத்துகிறார்கள். மோட்டார் படகு, துடுப்புப் போடும் கயாக், பார்வைக் கோபுரம், சொல்லிவைத்தால் கரையில் மீன் சாப்பாடு: முக்கியமாக இவைதான் அங்கே கிடைப்பது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தை முதல் பங்குனி வரைக்குள், வார நாளில், விடிந்த கையோடு, வத்தம் (கடல் நீர் இறங்கி வற்றும் நேரம்) முடிந்து தண்ணீர் ஏறத் தொடங்கும் வேளையில் போனால், தமிழ்நாட்டுக் கடற்கரையில் கொடுத்த காசுக்கு இவ்வளவு உயிர்களைக் காட்டும் இடம் அதிகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், ஏத்தம் (நீர் ஏறி நிற்கும் நேரம்) முழுதாக நிற்கும்போது போனால், பச்சைப் புதர்களுக்கு நடுவே ஒரு படகுச் சவாரி கிடைக்கும், அவ்வளவுதான். இடமும் படகும் ஆட்களும் அதே. வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது.

அதனால் தண்ணீரைப் பற்றி முதலில். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் இடையே இங்கே பெரிய உயர வேறுபாடு கிடையாது. ஒரு முழம், ஒன்றரை முழம். ஆனால் கழியின் தரை கிட்டத்தட்ட தட்டையானது. ஒரு முழம் தண்ணீர் இறங்கினாலே ஏக்கர் கணக்கில் சேறு வெளியே தெரியும். நண்டு, உளுவை மீன், உள்ளான் பறவை, நாரை எல்லாம் வேலை செய்வது அந்தச் சேற்றில்தான். ஏத்தம் நிற்கும்போது அவ்வளவும் தண்ணீருக்கு அடியில் இருக்கும். கொக்குகள் மரத்தில் ஏறி உட்கார்ந்துவிடும்.

ஒரு நாளைக்கு இரண்டு ஏத்தம், இரண்டு வத்தம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே, போவதற்கு இரண்டு நாள் முன்னால் ஊரில் யாரையாவது தொலைபேசியில் பிடித்து, "இன்னைக்கு வத்தம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலை 5 மணி என்றால், நீங்கள் போகும் நாளில் 6:40 வாக்கில் வரும். அந்த நேரத்துக்குக் கரையில் நில்லுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய மூன்று நான்கு நாட்களில் ஏற்ற இறக்கம் கூடுதல். சேறு அதிகம் வெளியே வரும். அட்டமி, நவமி நாட்களில் நீர் சோம்பிக் கிடக்கும். வாடைக்காற்று பலமாக அடித்தால் கடல் நீரைக் கரைப் பக்கம் தள்ளி வைத்துக்கொள்ளும். அப்போது கணக்குப்படி வரவேண்டிய வத்தம் சரியாக வராது. இதைக் கணிப்பதில் ஊர் மீனவர்களை மிஞ்ச எந்தச் செயலியும் இல்லை.

ஏன் வத்தத்தின் கடைசியில் தொடங்க வேண்டும், நடுவில் தொடங்கினால் என்ன? தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஓடைக்குள் நுழைந்தால், திரும்பும்போது நுழைந்த வழி தரைதட்டும். மோட்டார் படகென்றால் விசிறி சேற்றைக் கிளறும். தண்ணீர் கலங்கும், எஞ்சினும் சூடேறும். கயாக் என்றால் அப்படியே உட்கார்ந்துவிடும். தண்ணீர் ஏறும்போது தட்டினாலோ, கால் மணி நேரம் பொறுத்தால் அதுவே தூக்கிவிடும். சேறு பார்க்கவும் அதுதான் நல்ல நேரம், பத்திரத்துக்கும் அதுதான் நல்ல நேரம்.

மாதக் கணக்கு இப்படி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. பாக் விரிகுடா கொந்தளிப்பாக இருப்பது அந்த மாதங்களில்தான். புயல் எச்சரிக்கை வந்தால் படகு ஓடாது. உள்நாட்டு மழைநீர் கழிக்கு வந்து சேர்வதும் அப்போதே. நீர் செம்மண் நிறத்தில் கலங்கியிருக்கும். மார்கழிக் கடைசியிலிருந்து தெளியும். வலசைப் பறவைகள் நிறைந்திருப்பது தை, மாசி, பங்குனி. சித்திரைக்குப் பிறகு பெரும்பாலானவை வடக்கே கிளம்பிவிடும். ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும் காலம். மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் குமுறும்போது இந்தப் பக்கம் அமைதியாகவே இருக்கும். படகு ஓட்டத்துக்குத் தோதான காலம்தான், ஆனால் பறவை குறைவு, வெயில் தாங்காது. கிளம்பும் முன்தினம் வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும், ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை முன்னறிவிப்பையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொன்ன நாளில் காரங்காட்டுக்குக் காரெடுப்பதில் பயனில்லை.

இனி காட்டுக்கு வருவோம். பிச்சாவரம் பார்த்துவிட்டு அதே படத்தை மனதில் வைத்து இங்கே வருகிறவர்கள் ஏமாறுவார்கள். அங்கே படகுத்துறையிலிருந்து போகும் வழியெங்கும் சுரபுன்னையின் வளைந்த தாங்குவேர்கள் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். கூரை போட்ட வாய்க்கால் போல இருக்கும். காரங்காட்டில் பெரும்பகுதி வெண்கண்டல் மரம். மழை குறைந்த, உப்பு மிகுந்த கரை என்பதால் மரங்கள் ஓங்கி வளர்வதில்லை. புதர் போலப் பரந்து நிற்கின்றன. நிழல் குறைவு. அளவிலும் பிச்சாவரத்தைவிட மிகச் சிறியது. ஆனால் கூரை இல்லாததே இங்கே நல்லதாகிவிட்டது: திறந்த சேறும் வானமும் ஒரே பார்வையில் கிடைக்கின்றன.

வெண்கண்டலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இலையின் மேற்புறம் பளபளக்கும் பச்சை, அடிப்புறம் சாம்பல் பூத்த வெள்ளை. காலையில் மேற்புறத்தைச் சாய்வாகப் பார்த்தால் பொடிப்பொடியாக ஏதோ மின்னும். விரலால் தொட்டு நாக்கில் வையுங்கள், உப்புக் கரிக்கும். வேர் வழியாக உள்ளே வந்துவிட்ட உப்பை இந்த மரம் இலையில் உள்ள நுண்ணிய சுரப்பிகளால் வெளியே தள்ளுகிறது. இதற்காக இலையைப் பறிக்க வேண்டியதில்லை. கிளை தாழ்ந்திருக்கும் இடத்தில் படகை நிறுத்தச் சொன்னால் போதும்.

மரத்தைச் சுற்றி ஆணி அடித்த மாதிரி சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்பவை மூச்சுவேர்கள். பென்சில் கனம், ஒரு சாண் உயரம். கீழே கிடைமட்டமாக ஓடும் வேரிலிருந்து வரிசை பிடித்து மேலே வருகின்றன. ஒரு வரிசையைக் கண்ணால் தொடர்ந்து போனால் அது எந்த மரத்துடையது என்று கண்டுபிடித்துவிடலாம். குழந்தைகளுக்கு இதை ஒரு விளையாட்டாகவே கொடுக்கலாம். சேற்றின் மேல்தோலுக்குக் கீழே காற்று கிடையாது என்பதால், வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. வேரின் தோலில் உள்ள சிறு துளைகள் வழியாக உள்ளே போகும் காற்றுதான் மரத்தின் அடிப்பகுதியை உயிரோடு வைத்திருக்கிறது. ஒரே ஒரு கேரிபேக் இந்தக் குச்சிகளின் மேல் விரிந்து ஒட்டிக்கொண்டால் அந்த இடத்து வேர் அடைபடும். படகிலிருந்து கை தவறிப் பறக்கும் சிப்ஸ் உறை எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் இங்கேதான்.

"சாக்கடை கலக்கிறதா?" என்று பலர் கேட்பார்கள். வத்தத்தில் அழுகிய முட்டை வாடை வீசும். அது சாக்கடை வாடை இல்லை. காற்றுப் புகாத சேற்றில், கடல் நீரிலுள்ள சல்பேட்டைக் கொண்டு பிழைக்கும் நுண்ணுயிர்கள் விடும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் மணம். துடுப்பு நுனியால் மேல்தோலை இலேசாகத் தள்ளினால் கீழே மை போலக் கறுப்பு தெரியும். காற்று இல்லாததால் விழுந்த இலையும் செத்த வேரும் முழுதாக மக்குவதில்லை; கரிமம் சேற்றிலேயே தங்கிவிடுகிறது. குளிர்நாடுகளில் பீட் என்று சொல்லப்படும் சதுப்புகளில் பாசி ஆயிரக்கணக்கான ஆண்டு மக்காமல் அடுக்கடுக்காகக் கிடப்பதும் இதே ஈரத்தால், இதே காற்றின்மையால்தான். அங்கே பலகைப் பாதையை விட்டு ஓர் அடி இறங்கக்கூடாது என்பார்கள். கால் பட்ட இடம் ஆறப் பல ஆண்டு பிடிக்கும். இங்கே பலகைப் பாதைக்குப் பதில் படகு. இறங்கக்கூடாது என்ற விதிக்குக் காரணம் இரண்டு இடத்திலும் ஒன்றே.

உயிர்களில் முதல் மார்க் ஒரு கை பெருத்த நண்டுக்கு. கட்டைவிரல் நகத்தளவு உடம்பு. ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பைவிடப் பெரிது. அதை மேலே தூக்கி, இழுத்து, மறுபடி தூக்கிக் காட்டிக்கொண்டே இருக்கும். பெண்ணை அழைக்கவும், பக்கத்து வளைக்காரனை எச்சரிக்கவும் அதே சைகைதான். சாப்பிடுவது சின்னக் கையால். சேற்றைக் கிள்ளி வாயில் வைத்து, சத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கடுகு மாதிரி உருட்டி வெளியே வைக்கும். வளையைச் சுற்றி இந்த உருண்டைகள் கோலப்புள்ளி போலக் கிடந்தால் நண்டு உள்ளேதான் இருக்கிறது என்று அர்த்தம். படகு நெருங்கியதும் அத்தனையும் ஒரே நொடியில் மறைந்துவிடும். இங்கேதான் ஆட்கள் தப்புச் செய்கிறார்கள்: "ஒண்ணும் இல்லை, போகலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். அசையாமல் ஐந்து நிமிடம் இருந்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும். முதலில் குட்டிகள், பெரியவை கடைசியில்.

அடுத்து சேற்றில் தத்தும் உளுவை. மீன்தான், ஆனால் முன்துடுப்பைக் கை போல ஊன்றி நடக்கும், வாலால் உந்தித் தாவும். செவுள் அறையில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, தோல் வழியாகவும் மூச்சு விடுகிறது. தோல் காயக்கூடாது, அதனால் அடிக்கடி ஈரத்தில் புரண்டு எழும். தலை உச்சியில் துருத்திய கண்ணை உள்ளே இழுத்து நனைத்துக்கொள்வதைப் பார்க்க வேண்டுமானால் பைனாகுலரை மிகக் கிட்டத்துக்குத் திருகிப் பாருங்கள். 8 மடங்கு உருப்பெருக்கம், 42 மில்லிமீட்டர் கண்ணாடி உள்ள பைனாகுலர் போதும். 10 மடங்கு வாங்கினால் படகு ஆட்டத்தில் எதுவும் நிலைக்காது.

பறவைகளில் எல்லோரும் கேட்பது பூநாரை. இருக்கும் ஆண்டில் கூட்டமாக இருக்கும், இல்லாத நாளில் ஒன்றுகூட இருக்காது. ஆழமில்லாத நீர் எங்கே தேங்கி நிற்கிறதோ அங்கே நகர்ந்துகொண்டே இருக்கும். அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகளுக்கென்றே ஒரு சரணாலயத்தை 2025இல் அரசு அறிவித்திருக்கிறது. பூநாரைதான் நோக்கமென்றால் அந்தப் பக்கம் ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். காரங்காட்டில் பார்க்க வேண்டியவை கரைக்கொக்கும் சின்னக்கொக்கும் வேட்டையாடும் விதம், நெடுங்கால் உள்ளான், வளைந்த நீள அலகுள்ள கோட்டான் உள்ளான், மீன்கொத்தி, நீர்க்காகம், ஆலா, தலைக்கு மேல் செம்பருந்து. உள்ளான்களின் அலகு நீளத்தைக் கவனியுங்கள். குட்டை அலகு மேல்சேற்றைக் கொத்தும், நீள அலகு ஆழத்தில் உள்ள புழுவை இழுக்கும். ஒரே சேற்றில் பத்து வகை சண்டையில்லாமல் சாப்பிடுவது அதனால்தான்.

எவ்வளவு கிட்டத்தில் போகலாம் என்பதற்குப் பறவையே அளவுகோல். தலை குனிந்து மேய்ந்தால் சரி. தலை நிமிர்ந்து எல்லாம் ஒரே பக்கம் நடக்க ஆரம்பித்தால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள்; நிறுத்தச் சொல்லுங்கள். பறக்க வைத்துப் படமெடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வத்தம் இருக்கும் சில மணி நேரத்துக்குள்தான் அவை வயிற்றை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அந்த நேரத்திலிருந்து ஒரு பங்கு போகிறது.

படகா, கயாக்கா? முதியவர், கைக்குழந்தை, நீச்சல் பயம் உள்ளவர்களுக்கு மோட்டார் படகு. கழி வழியே போய்ப் பார்வைக் கோபுரம், கடல்வாய் வரை வசதியாகக் காட்டும். அதில் ஒரு வேண்டுகோள் மட்டும் வையுங்கள்: "ஓடைக்குள்ள எஞ்சினை அணைச்சுட்டு ஒரு பத்து நிமிஷம் நிப்பாட்டுங்கண்ணே." கூட வரும் ஊர்க்காரர்கள் இந்தக் கழியிலேயே வளர்ந்தவர்கள். சத்தம் நின்றதும் அவர்களே விரல் நீட்டிக் காட்ட ஆரம்பிப்பார்கள். எது மடவை மீன் துள்ளும் சத்தம், எங்கே கழிநண்டு வளை, எந்த மாதம் எந்த மீன் உள்ளே வரும் என்பதை எந்தப் பலகையிலும் படிக்க முடியாது. புளூடூத் பெட்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் குழுவோடு ஒரே படகில் ஏற நேர்ந்தால், அடுத்த படகுக்குக் காத்திருங்கள்.

உடம்பு ஒத்துழைக்கும் மற்ற எல்லோருக்கும் கயாக். மீன் கிளம்பும் சத்தம்கூடக் கேட்கும். இருவர் கயாக்கில் கனமானவர் பின்னால் உட்கார வேண்டும். முன்னால் உட்கார்ந்தால் மூக்கு அமிழ்ந்து திருப்ப முடியாது. திசை பிடிப்பது பின்னால் இருப்பவர் வேலை, முன்னால் இருப்பவர் தாளம் மட்டும் போட வேண்டும். துடுப்பைத் தலைக்கு மேல் பிடித்து முழங்கை செங்கோணமாக வரும் அகலத்தில் கை வைத்தால் தோள் நோகாது. வலப்பக்கம் திரும்ப, இடப்பக்கம் துடுப்பை முன்னிருந்து பின்னுக்கு அகலமாக அரைவட்டமாக வீசுங்கள். வேரில் மோதினால் கையால் வேரைப் பிடித்துத் தள்ளாதீர்கள்: ஒட்டியிருக்கும் சிப்பி ஓடு பிளேடு மாதிரி கிழிக்கும், உப்புநீர்க் காயம் ஆறவும் நாளாகும். துடுப்பின் தட்டைப் பக்கத்தால் தள்ளுங்கள். தரைதட்டினால் இறங்கக் கூடவே கூடாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லிவைத்தது இந்தச் சேற்றுக்கும் பொருந்தும்; முட்டிவரை போன கால் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அப்படி மாட்டினால் நேராக மேலே இழுக்காமல், உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலை முதலில் ஆட்டி ஆட்டி உள்ளே காற்றும் தண்ணீரும் புகவிட்டு மெல்ல எடுங்கள்.

உயிர்காப்பு அங்கி கொடுப்பார்கள். போட்டால் போதாது, இறுக்க வேண்டும். எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, இடுப்புப் பட்டையை முதலில், மார்புப் பட்டையைப் பிறகு இறுக்குங்கள். பக்கத்தில் இருப்பவர் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கட்டும். அங்கி காதுவரை ஏறினால் தளர்வு. பிள்ளைகளுக்குப் பிள்ளை அளவே கேட்டு வாங்குங்கள். பெரியவர் அங்கியில் பிள்ளை நழுவிவிடும்.

நீச்சல் முகமூடி போட்டுத் தண்ணீருக்குள் கடற்புல் பார்ப்பதைப் பற்றி எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. அடி மண் நைசானது. இரண்டு நாள் காற்றடித்தால் கை நீட்டும் தூரம்கூடத் தெரியாது. தெளிந்த நாளில் கடற்புல் திட்டும் அதனுள் ஒளியும் குஞ்சு மீனும் கண்ணுக்கு நிறைவுதான். பாக் விரிகுடாவின் கடற்புல்லை நம்பித்தான் ஆவுளியா என்கிற கடல்பசு வாழ்கிறது. வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022இல் அதற்கென்றே பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். ஆவுளியாவை நேரில் காண்பது யாருக்கும் எளிதில் வாய்க்காது. பவளப்பாறைதான் வேண்டுமென்றால் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் பக்கம், குருசடைத் தீவுப் படகுக்குப் போங்கள். கடல் அட்டை, கடற்குதிரை இரண்டும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. கையில் எடுத்துப் படம் பிடிப்பதுகூட வேண்டாம்.

பார்வைக் கோபுரத்தைப் பலர் இரண்டு நிமிடத்தில் செல்ஃபியோடு முடித்துக்கொள்கிறார்கள். அரை மணி ஒதுக்குங்கள். ஓடைகள் எப்படிக் கிளை பிரிகின்றன, கடலோர வரிசை மரம் ஏன் அடர்த்தி, கரைப் பக்கம் மரம் குறைந்து, உப்பைத் தாங்கும் உமரிச் செடியும் வெற்று உவர்நிலமும் ஏன் தொடங்குகின்றன என்பதெல்லாம் மேலிருந்துதான் புரியும். ஏத்தம் அடிக்கடி தொடும் இடத்தில் மரம், எப்போதாவது தொடும் இடத்தில் நீர் ஆவியாகி உப்பு ஏறி, உமரி மட்டும்.

கொண்டுபோக வேண்டியவை: ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், விளிம்பு அகலமான தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை. மஞ்சள், வெள்ளை, சிவப்புத் தவிர்த்து மங்கிய நிறமாக இருக்கட்டும். ரப்பர் செருப்பு வேண்டாம், சேறு பிடுங்கிக்கொள்ளும். குதிகாலில் பட்டை உள்ள காலணி அல்லது பழைய கான்வாஸ். கைப்பேசியை ஜிப் உறையில் போடும்போது கொஞ்சம் காற்றோடு மூடினால் தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். படகில் கழிவறை கிடையாது. கரையிலேயே முடித்துவிட்டு ஏறுங்கள். சாயங்காலம் போவதென்றால் கொசு எண்ணெய் அவசியம்.

சாப்பாடு வேண்டுமானால் படகேறும் முன்னால் சொல்லிவிடுங்கள். அன்றன்று கிடைக்கும் மீனைப் பொறுத்துத்தான் ஊர்ப் பெண்கள் சமைப்பார்கள். திரும்பி வந்து கேட்டால் நண்டு சுத்தம் செய்யவே நேரமாகும். கழிநண்டு சூப் கிடைத்தால் விடாதீர்கள். கணவாய், இறால் எல்லாம் ராமநாதபுரம் ஓட்டல்களிலும் உண்டு. இந்தக் கழியின் நண்டை அந்தக் கழியின் ஓரத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுவதற்கு ஈடு இல்லை. அந்தக் காசு நேராக ஊருக்குள் போகிறது என்பதும் ஒரு காரணம்: காடு நின்றால்தான் படகும் அடுப்பும் ஓடும் என்று ஆகிவிட்ட பிறகு, கண்டல் மரத்தை விறகுக்கு வெட்ட ஊரிலேயே யாரும் விடமாட்டார்கள்.

மதியம் மிச்சமிருந்தால் திரும்பும் வழியில் இராமநாதபுரத்தை ஒட்டிய சக்கரக்கோட்டைக் கண்மாயைப் பாருங்கள். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2025இல் சேர்ந்த பறவைகள் சரணாலயம். நன்னீர்க் கண்மாய் என்பதால் காலையில் கழியில் பார்க்காத வேறு பறவைகள் கிடைக்கும்; தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள், மழை பொய்த்த ஆண்டில் மாசியிலேயே வறண்டுவிடும். கிளம்பும் முன் பைனாகுலர், கேமரா, காலணி மூன்றையும் நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்த உப்பு திருகுகளில் இறங்கிவிட்டால் அடுத்த தடவை குவியம் திரும்பாது.